ஒரு அரிசிக்கு வேலையை விட்டவள்

உங்களில் பலருக்கு எங்கள் அம்மாவின் பெயர் தெரியாது. இத்தாலியில், பலெர்மோவில் என்னோடு வளர்ந்தவர்கள்தான் நீங்கள். ஆனாலும் உங்கள் வீடுகளில் அவருக்கு வேறு பெயர். 'ஒரு அரிசிக்கு வேலையை விட்டவள்.' கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் விழாக்களிலும் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்று அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்த பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீங்களும் சேர்ந்து சிரித்திருக்கலாம். அதற்காக நான் உங்களோடு கோபிக்கவில்லை, அப்போது எல்லோரும் சின்னப் பிள்ளைகள். இப்போது நமக்கும் தலை நரைத்துவிட்டது. சீனிக்கு ஒரு குளிசை, பிரஷருக்கு ஒரு குளிசை என்று ஆகிவிட்டோம். இனியாவது அந்தக் கதையைச் சரியாகக் கேளுங்கள். சொல்லும்போது எனக்கு அரியண்டமாக, குமட்டலாக இருக்கும். அதை மறைத்து நல்ல பிள்ளைக்கு நடிக்கும் வயது எனக்குப் போய்விட்டது.

அந்தக் கோடையில் நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். போர்கோ வெக்கியோவில், சந்தைக்கு மேலே, ஒன்றரை அறை வீட்டில் இருந்தோம். அப்பா ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். அக்கா பல்கலைக்கழகத்தில் கணிதம், முதலாம் ஆண்டு. தம்பி அப்போதுதான் ஒழுங்காகக் கதைக்கத் தொடங்கியிருந்தான். யன்னலைத் திறந்தால் மீன் கழுவிய தண்ணீர் மணக்கும், சாத்தினால் எங்கள் ஐந்து பேரின் வேர்வை மணக்கும். ஜூலை பிறந்ததும் எதிர்வீட்டுக்காரர் உள்ளிப்பூண்டு போட்டு நத்தை அவிப்பார்கள். ஓடுகளை வாயில் வைத்து அவர்கள் உறிஞ்சும் சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். நான் காதைப் பொத்திக்கொள்வேன். தண்ணீர் ஒரு நாள் வரும், மறுநாள் வராது. அதனால் குளியலறைக் குழாயின் கீழ் ஒரு பெரிய நீல வாளி எப்போதும் நிற்கும், அதில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும்.

அம்மாவுக்கு லிபெர்த்தாவில், பணக்காரர் இருக்கும் வீதியில், வேலை. கால் வழங்காத ஒரு வயோதிபரைப் பார்ப்பது. எங்கேயோ வடக்கில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்று வந்தவர். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் 'புரொஃபெசோரே' என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே. மேல்மாடியில் அவருடைய மகள், அம்மாவின் எசமானி, சிஞ்ஞோரா, இருந்தா. காலையில் ஒருமுறை வாசனை மணக்க இறங்கி வந்து, தகப்பனின் நெற்றியில் கொஞ்சிவிட்டு ஏறிப் போய்விடுவா. மிச்சம் எல்லாம் அம்மாவின் தலையில்.

பள்ளி விடுமுறை என்பதால் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். தம்பியைக் கீழ்வீட்டு மாமி வைத்துக்கொள்வா. குசினிக் கதிரையில் இருந்து அசையக் கூடாது என்பது எனக்கு இட்ட கட்டளை. அந்த வீட்டின் மணம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. காற்றுப் பட்டால் தடிமன் பிடிக்கும் என்று யன்னல்கள் திறப்பதில்லை. கால்நோவுக்குப் பூசும் எண்ணெய், மூத்திரப் போத்தல், பழைய சீஸ், இவை மூன்றும் கலந்து திரைச்சீலைகளில் ஊறியிருந்தன. புரொஃபெசோரேயின் நகங்கள் மஞ்சளாக, ஆட்டுக் குளம்பு மாதிரித் தடித்திருக்கும். கதைக்கும்போது கடைவாயில் வெள்ளையாக நுரை கட்டும். ஆனால் குரல் மட்டும் பால் மாதிரி. 'தயவுசெய்து', 'நன்றி' இல்லாமல் ஒரு வார்த்தை வராது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அரியண்டம்.

அவர் முதலில் எறிந்தது சூப் கோப்பை. சூப் சூடு கூடிவிட்டதாம். கோப்பை சுவரில் பட்டு உடைந்து, ஒரு சில்லு அம்மாவின் புருவத்துக்கு மேல் கீறியது. சுவரில் பாஸ்தாத் துண்டுகள் ஊர்ந்து இறங்கின. "மன்னியுங்கள், சிஞ்ஞோரா, கை தவறிவிட்டது" என்றார் புரொஃபெசோரே அம்மாவிடம். அம்மா முதலில் சுவரைத் துடைத்தார். அதற்குப் பிறகுதான் நெற்றியைத் துடைத்தார்.

அன்று பின்னேரம் அப்பா காயத்தைப் பார்த்துப் பயந்துதான் போனார். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயந்தது காயத்துக்கா, வேறொன்றுக்கா என்பதுதான் கேள்வி. மாரிக்குள் எங்கள் பெர்மெஸ்ஸோவை, இந்த நாட்டில் இருக்கும் அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். அப்பாவின் ஹோட்டல்காரன் அவரைப் பதிவில்லாமல் வைத்திருந்தான். குடும்பத்தில் பதிவுள்ள வேலை அம்மாவின் வேலை ஒன்றுதான். அது இல்லாமல் கொஸ்தூராவுக்கு, பொலிஸ் தலைமையகத்துக்கு, போய் நின்றால் எங்கள் ஐந்து பேரின் கடதாசிகளும் அந்தரத்தில் நிற்கும், அக்காவின் படிப்பும் சேர்ந்து நிற்கும்.

"பெர்மெஸ்ஸோ கைக்கு வரும் வரைக்கும் பொறு," என்றார் அப்பா. "நோயாளி மனுசன். வேணுமெண்டே எறிஞ்சவர்?"

அம்மா பொறுத்தார். அடுத்தது கோப்பிக் கப். அதற்குப் பிறகு பல்லுச்செட் ஊறப்போட்ட கிளாஸ். அது உடையவில்லை, ஆனால் அந்தத் தண்ணீர் முழுக்க அம்மாவின் நெஞ்சில் ஊற்றுப்பட்டது. அன்று அம்மா வீட்டுக்கு வந்து வாளித் தண்ணீரில் அரைவாசியை முடித்துக் குளித்தார். அப்பா அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தார். பின்னேரம் வேலைக்குப் புறப்படும்போது சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே கேட்பார்.

"இண்டைக்கு என்ன?"

"கரண்டி."

"பெரிய கரண்டியோ?"

"தேக்கரண்டி."

"பாத்தியே? கோப்பையிலை துடங்கி இப்ப தேக்கரண்டி. குறைஞ்சுகொண்டுதானே வருது. தன்ரபாட்டிலை நிண்டிடும்."

கீழ்வீட்டு மாமியும் அதற்கு ஒத்து ஊதுவா. "படிச்ச மூளை, தங்கச்சி. சூடு கூட. இறங்க நாள் எடுக்கும்." ஊரில் வாத்தியார் எதிரே வந்தால் தோளில் கிடந்த துண்டை இறக்குகிற ஆட்கள் எங்கள் ஆட்கள். படித்தவன் எறிந்தால் அது எறி இல்லை, மூளைச் சூடு. இதையே ஒரு மீன்காரன் எறிந்திருந்தால் சந்தையையே இரண்டாக்கியிருப்பார்கள்.

அக்கா அந்த ஜூன் மாதம் கணிதப் பரீட்சையில், வாய்மொழியில், விழுந்திருந்தாள். காரணம் ஒரு முடிவில்லாத் தொடர். எண்களைக் கூட்டிக்கொண்டே போகிறோம், ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறியது, முடிவே இல்லை. கூட்டுத்தொகை ஓர் இடத்தில் போய் அடங்குமா, அடங்காமல் பெருகிக்கொண்டே போகுமா? அடங்கினால் ஒருங்கும் தொடர், அடங்காவிட்டால் விரியும் தொடர் என்று தமிழில் சொல்வார்கள். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் இத்தாலியப் பெயர்கள்தான். பரீட்சகர் ஒரு தொடரைக் கரும்பலகையில் எழுதிக் கேட்டபோது, உறுப்புகள் பூச்சியத்தை நோக்கிப் போகின்றன, ஆகவே அடங்கும் என்று இவள் அவசரப்பட்டுச் சொல்லியிருக்கிறாள். அவர் நன்றி சொல்லி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தாள்.

அம்மா எப்படியோ இதைச் சிஞ்ஞோராவிடம் சொல்ல, சிஞ்ஞோரா தகப்பனிடம் சொல்ல, அவர் பிள்ளையை அனுப்புங்கள், செப்டெம்பர் பரீட்சைக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்றார். அப்பாவுக்குக் கால் நிலத்தில் இல்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று மாமியிடம் போய்ச் சொன்னார். அக்காவின் கையில் ஒரு தட்டு றோல்ஸும் கொடுத்து அனுப்பினார். அந்த றோல்ஸைப் பொரித்ததும் அம்மாதான்.

அவர் நன்றாகப் படிப்பித்தார். இதைச் சொல்லும்போது வாய் கசக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அக்கா அதுவரை விளங்காமல் பாடமாக்கி வைத்திருந்ததெல்லாம் அவருடைய வாயில் தெளிந்து வந்தது. ஒரு மத்தியானம் அவர் அப்படி ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, அம்மா கோப்பி கொண்டு வந்து வைத்தார். அவர் ஒரு வாய் குடித்தார். சொல்லிக்கொண்டிருந்த வசனத்தை நிறுத்தவில்லை. அக்காவைப் பார்த்த பார்வையையும் எடுக்கவில்லை. கை மட்டும் மருந்துப் போத்தலின் மூடியை எடுத்து அம்மாவின் பக்கம் எறிந்தது. மூடி அம்மாவின் கழுத்தில் பட்டுக் கட்டிலுக்குக் கீழே உருண்டு போனது. அம்மா முழந்தாளிட்டு அதைத் தேடி எடுத்தார். வசனம் முடிந்தது. "விளங்கியதா, சிஞ்ஞொரீனா?" என்று கேட்டார். அக்காவின் பென்சில் கடதாசியில் குத்தியபடி நின்றது.

அன்று பின்னேரம் வீட்டில் சண்டை.

"மூடியோ? மூடி ஒரு பாரமே?" என்றார் அப்பா. "இனி என்ன மிச்சம் இருக்கு எறிய? முடிஞ்சுது எண்டு நினை."

"அப்பா, குறையிறது வேறை, முடியிறது வேறை," என்றாள் அக்கா.

"சின்னனாப் போய்க்கொண்டே இருந்தா கடைசியிலை ஒண்டுமில்லைத்தானே?"

"அப்பிடிச் சொல்லித்தான் நான் பெயிலானனான்."

அப்பா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய், கதவைச் சாத்தி, அந்த நீல வாளியைக் காட்டினாள். அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொன்னாள் என்று இப்போது விளங்குகிறது.

"இதுக்குள்ளை ஒரு கிளாஸ் தண்ணி ஊத்து. பிறகு அரைக் கிளாஸ். பிறகு காற் கிளாஸ். பிறகு அதிலை பாதி. இப்பிடியே ஊத்திக்கொண்டு போ. எவ்வளவு காலம் ஊத்தினாலும் ரெண்டு கிளாஸைத் தாண்டாது. அது அடங்கும்."

"ஓம்."

"இப்ப வேறை மாதிரி. ஒரு கிளாஸ், அரைக் கிளாஸ், பிறகு கிளாஸிலை மூண்டிலொண்டு, நாலிலொண்டு, அஞ்சிலொண்டு. இதுவும் குறைஞ்சுகொண்டுதானே போகுது?"

"ஓம். அதுவும் நிரம்பாது."

"நிரம்பும். மூண்டிலொண்டையும் நாலிலொண்டையும் சேர்த்தால் அரைக் கிளாஸைவிடக் கூட. அடுத்த நாலையும் சேர், திரும்பவும் அரைக் கிளாஸைத் தாண்டும். அடுத்த எட்டையும் சேர், திரும்பவும் தாண்டும். எவ்வளவு சின்னனானாலும் கூடச் சேர்த்துக்கொண்டு போனால் ஒரு அரைக் கிளாஸ் தேறும். அது ஒருநாளும் நிக்காது. வாளி எவ்வளவு பெரிசெண்டாலும் ஒருநாள் வழியும்."

எனக்குக் கணக்குப் பாதிதான் விளங்கியது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே அப்பா மாமியோடு சிறுவாடு சேர்ப்பதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். சிறுதுளி பெருவெள்ளம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததே இந்த அப்பாதான்.

சில நாட்கள் கழித்து அக்கா அவரிடமே கேட்டாள். நான் கதவுச் சந்தில் நின்றேன்.

"புரொஃபெசோரே, ஒரு தொடர் கேட்கலாமா?"

"தாராளமாக, சிஞ்ஞொரீனா."

"முதலில் சூப் கோப்பை. பிறகு கோப்பிக் கப். பிறகு தேக்கரண்டி. பிறகு மருந்து மூடி. இது ஒருங்குமா, விரியுமா?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். கடைவாய் நுரை பெரிதானது. "உறுப்புகள் பூச்சியத்தை நோக்கிப் போகின்றன," என்றார். "அது போதாது. அதை மட்டும் வைத்து அடங்கும் என்று சொல்கிறவன் கழுதை. நீங்கள் செப்டெம்பரில் சித்தியடைவீர்கள், சிஞ்ஞொரீனா." ஒரு நல்ல மாணவியைப் பாராட்டுகிற சந்தோஷம் அவர் முகத்தில் உண்மையாகவே இருந்தது. அன்று அம்மாவிடமும் மிகவும் அன்பாக நடந்துகொண்டார்.

திரும்பி வரும் வழியில் அக்கா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவருக்குத் தெரியுமடி," என்றாள். "என்ன செய்யிறன் எண்டு நல்லாத் தெரியும்."

செப்டெம்பரில் அக்கா நல்ல புள்ளிகளோடு சித்தியடைந்தாள். இரவு பகலாகப் படித்தது அக்கா, ஆனால் புகழ் போனது எங்கே என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பா போர்கோ வெக்கியோ முழுக்கப் புரொஃபெசோரேயின் பெருமையைப் பாடினார். நவராத்திரியும் வந்தது. தம்பிக்கு ஏடு தொடக்க, முதலெழுத்து எழுதுவிக்க, வேண்டும். கோயிலில் ஐயர் இருந்தார், எங்கள் ஆட்களுக்குள்ளேயே படிப்பித்தவர்கள் இருந்தார்கள். அப்பா கேட்கவில்லை.

"ஐயரைவிடப் படிச்சவர், அக்காவைப் பாஸாக்கினவர். அவற்ரை கையாலை துடங்கினால் பிள்ளை எங்கையோ போவான்," என்றார். "அதோடை மனுசனும் கொஞ்சம் இளகும். பெர்மெஸ்ஸோவுக்கும் நல்லது."

"அவற்ரை கையாலையோ?" என்று அம்மா ஒரு தரம் கேட்டார். "அந்தக் கையாலையோ?"

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதை அன்று யாராவது அப்பாவின் காதில் ஓதியிருக்கலாம்.

விஜயதசமி அன்று காலை லிபெர்த்தாவுக்குப் போனோம். அப்பா வேட்டியை ஒரு பையில் கொண்டுபோய், அந்த வீட்டுக் குளியலறையில் கட்டிக்கொண்டு வந்தார். சிஞ்ஞோரா கமெராவோடு இறங்கி வந்து எல்லாவற்றையும் 'எவ்வளவு வடிவு' என்றா. அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பித்தளைத் தட்டம், ஊரிலிருந்து துணிகளுக்குள் சுற்றி எடுத்து வந்தது, அதில் பச்சரிசி பரப்பப்பட்டது. அம்மா விடியமுன் எழும்பிச் சுட்ட வடையும் கடலையும் வேறொரு தட்டில். விழா எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு, ஆனால் அம்மா ஏப்ரனோடு நின்றார். வேலை நேரம் அல்லவா.

அப்பா குனிந்து புரொஃபெசோரேயின் நெற்றியில் சந்தனம் வைத்தார். தம்பியை அவருடைய மடியில் இருத்தினார். ஒரு துண்டுக் கடதாசியில் பெரிதாக 'அ' எழுதிக் காட்டினார். அவர் கண்ணாடியைச் சரிசெய்து அதை உற்றுப் பார்த்தார். பிறகு தம்பியின் விரலைத் தன் மஞ்சள் நகங்களுக்குள் பிடித்து, அரிசியில் மெல்ல மெல்ல, சுழியைச் சுழித்து, காலை இழுத்து, ஓர் 'அ' எழுதினார். அழகான 'அ'. அப்பா கண் கலங்கிவிட்டார். தம்பிகூட அழவில்லை. அந்த ஒரு நிமிடம், எல்லாம் முடிந்துவிட்டது, அப்பா சொன்னதுதான் சரி என்று எனக்கே தோன்றியது.

அம்மா வடைத் தட்டோடு கதவடியில் நின்றார். புரொஃபெசோரே தட்டத்திலிருந்து ஒரே ஒரு அரிசியை எடுத்தார். ஒரு கண்ணைச் சாத்தினார். கரம் போர்ட் விளையாடுகிறவன் காயைச் சுண்டுவதுபோல, பெருவிரலால் அதைச் சுண்டிவிட்டார். அரிசி நேரே போய் அம்மாவின் கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, ஒட்டிக்கொண்டது.

"எப்சிலோன்," என்றார், அக்காவின் பக்கம் திரும்பி. எவ்வளவு சிறிதாகவும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் அளவுக்குக் கணிதக்காரர் வைத்த பெயர் அது என்று அக்கா பிறகு சொன்னாள். தானும் மாணவியும் மட்டும் சிரிக்க வேண்டிய பகிடி என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அக்கா கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? கையெடுத்துக் கும்பிட்டார். "அறுகரிசி! பாருங்கோ, எங்கடை முறைப்படி அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கிறார்!" என்றார். கல்யாண வீட்டில் தலையில் தூவுகிற வாழ்த்தரிசி அது! சிஞ்ஞோரா படம் எடுத்தா. இத்தனை வருடங்களுக்குப் பிறகும், அந்த அரிசியைவிட இந்தக் கும்பிடுதான் எனக்கு அரியண்டம்.

அம்மா வடைத் தட்டை நிலத்தில் வைத்தார். ஏப்ரனைக் கழற்றினார். நான்காக மடித்தார். நடந்து வந்து, தம்பியை அந்த மடியிலிருந்து தூக்கிவிட்டு, தம்பி இருந்த இடத்தில் ஏப்ரனை வைத்தார்.

"போதும்," என்றார். தமிழில்தான் சொன்னார். அங்கே அது விளங்காத ஆள் யாரும் இல்லை என்று நினைக்கிறேன்.

அப்பா வேட்டியோடு படிகளில் கெஞ்சிக்கொண்டு வந்தார். "இஞ்சேர், பைத்தியமே உனக்கு? கோப்பையாலை எறிஞ்சபோது நிண்டனி. ஒரு அரிசிக்கோ போறாய்? பெர்மெஸ்ஸோவை நினைச்சனியே?" அம்மா திரும்பவில்லை. அப்பா படியிலேயே நின்றுவிட்டார். பிறகு மேலே ஏறிப் போனார், மன்னிப்புக் கேட்க.

நாங்கள் நால்வரும் பஸ் தரிப்பிடத்துக்கு வந்தோம். அரிசி இன்னும் அம்மாவின் கன்னத்திலேயே இருந்தது. வேர்வையில் ஒட்டிவிட்டது. போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். அக்கா விரலை எச்சில் தொட்டு, அதை மெல்ல எடுத்து, நிலத்தில் போட்டாள்.

"அம்மா, கோப்பையாலை எறிஞ்சபோது ஏன் நிண்டனீங்கள்?" என்று நான் கேட்டேன்.

"அப்ப அவருக்குக் கோவம்," என்றார் அம்மா. "கோவத்திலை எறியிறவனுக்கு ஆர் நிக்கினம் எண்டு தெரியாது. சின்னனாப் போகப் போகத்தான் அவர் குறி பாக்கிறது எனக்கு விளங்கினது. இண்டைக்கு ஒரு கண்ணைச் சாத்திப் பாத்தவரடி, குருவிக்குப் பாக்கிற மாதிரி."

தட்டம் அங்கேயே கிடந்துவிட்டது. யாரும் திருப்பிக் கேட்கப் போகவில்லை.

கதை எங்களுக்கு முன்னே போர்கோ வெக்கியோவுக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னேரம் ஆகமுன் எங்கள் ஆட்களே ஆளுக்கு ஆள் படியேறி வந்தார்கள். ஆறுதல் சொல்ல என்று நினைத்தேன். இல்லை, அந்த இடம் வெறுமையாகிவிட்டதா என்று விசாரிக்க. கடைசியில் கீழ்வீட்டு மாமிதான் வேலைக்குப் போனா. "எனக்கு அவர் ஒண்டும் எறியிறதில்லை. எல்லாம் நடக்கிற ஆளைப் பொறுத்தது," என்று சந்தையில் வைத்து அம்மாவுக்குக் கேட்கச் சொன்னா. தைப்பொங்கலுக்குப் பொங்கல் கொண்டு வந்தபோது மாமியின் புருவத்தில் பிளாஸ்டர். "முந்தி மாதிரி இல்லை, இப்ப குறைஞ்சிட்டுது," என்றா. எங்கள் பித்தளைத் தட்டத்தில் இப்போது அவருடைய பல்லுச்செட் கிளாஸ் வைப்பார்கள் என்றும் சொன்னா.

அம்மா பகேரியாவில் ஒரு பழைய பெரிய வீட்டில், கல்யாணம் முடிக்காத இரண்டு சகோதரிகளிடம் வேலை எடுத்தார். விடிய முதல் ரயிலில் போவார். அவர்கள் பதிவு செய்யத் தாமதித்ததால் எங்கள் பெர்மெஸ்ஸோ இழுபட்டது. நெடுநாள் கொஸ்தூரா கொடுத்த ரசீதோடுதான் திரிந்தோம். அக்கா காலையில் கூலிக்கு மாடிப்படிகள் கழுவி, மத்தியானம் வகுப்புக்குப் போனாள். ஆனால் ஒன்றும் நிற்கவில்லை. அக்கா இப்போது வடக்கில் ஒரு பள்ளியில் கணிதம் படிப்பிக்கிறாள். அப்பா அந்த மாரி முழுக்க அம்மாவோடு கதைக்கவில்லை. கதைக்கத் தொடங்கிய பிறகும் விருந்தாளிகள் வந்தால் அந்தக் கதையை முதலில் எடுப்பவர் அவர்தான். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா குசினிக்குள் போய்விடுவார். வருடக்கணக்காக அதையும் பொறுத்தார். எங்கள் வீட்டைவிட்டு மட்டும் அவர் எழும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிள்ளைகள் எங்களைக் காட்டியிருப்பார்.

போன மாரியில் அம்மா காலமானார். உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். பெட்டி திறந்திருந்தது. வாய்க்கரிசி போட ஒரு கிண்ணத்தில் பச்சரிசி வைத்திருந்தார்கள், ஆட்கள் வரிசையாக வந்து போட்டார்கள். மாமியும் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தா. போட்டுவிட்டு என் காதுக்குள், "பாவம், ஒரு அரிசிக்கு வேலையை விட்டவள். இப்ப பார், எவ்வளவு அரிசி" என்றா. தான் சொன்னது தனக்கே பிடித்து, மூக்கால் ஒரு சிரிப்பும் சிரித்தா. செத்த வீட்டில் பல்லைக் காட்டுகிற வயதா அது!

கடைசியாக அப்பாவைக் கூட்டி வந்தார்கள். கையைக் கிண்ணத்துக்குள் விட்டு ஒரு பிடி அள்ளினார். பாதி வழியில் கொட்டுப்பட்டது. மிச்சத்தில் கொஞ்சம் அம்மாவின் வாயில் விழுந்தது. ஒரு அரிசி மட்டும் தவறிப் போய் அம்மாவின் கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, நின்றது. அப்பா அதைக் காணவில்லை. இன்னொரு பிடி அள்ளக் கையை நீட்டினார்.

அக்கா குனிந்தாள். விரலை எச்சில் தொட்டு அந்த அரிசியை எடுத்தாள். அப்பாவின் கையைப் பிடித்து மெல்ல விலக்கிவிட்டு, கிண்ணத்தைத் தன் முந்தானையால் மூடினாள்.

"போதும், அப்பா," என்றாள்.